காலுக்குப் போய்ப் பிடி தப்பினால்: அடுத்த இரண்டு நொடிக்கான வழிமுறை

சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் கூடத்துக்கு மல்யுத்தம் பழக வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் கபடியில் ஆரம்பித்தவர்கள். வேகமும் துணிச்சலும் வரும்போதே கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். அதனால் மாலையில் மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், நான் திருத்துவது பெரும்பாலும் ஒரே கோளாறுதான். எதிராளியின் காலைப் பிடிக்கப் பாய்கிறார்கள், ‘காலுக்குப் போவது’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எதிராளி தப்பிக்கிறார். இவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கிறார்கள். காலுக்குப் போனதற்காக யாருக்கும் புள்ளி போவதில்லை. போன பிறகு சும்மா கிடக்கும் அந்த இரண்டு நொடியில்தான் போகிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கபடியில் தலையைக் கவிழ்த்துக் கணுக்காலுக்குப் பாய்ந்து ஒரு பிடி போட்டால் போதும், மீதியைக் கூட இருப்பவர்கள் வந்து முடிப்பார்கள். மேட்டில் யாரும் வர மாட்டார்கள். இன்னொன்று, மாடு பிடிக்கும் ஊர்ப் பழக்கம். திமிலைப் பிடித்தால் விடக் கூடாது, விட்டவன் தோற்றவன். மல்யுத்தத்தில் விட வேண்டிய நேரத்தில் விடத் தெரியாதவனுக்குத் தோள்தான் போகும்.

கீழே இருப்பது ஃப்ரீஸ்டைலுக்கு மட்டும். கிரேக்கோ ரோமனில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது என்பதால் அங்கே கதை வேறு. பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் அந்த நொடியில் செய்ய வேண்டியது முதலில் வரும். மறுநாள் பயிற்சியில் தேட வேண்டிய காரணங்கள், செலவில்லாததில் தொடங்கி, அதற்குப் பின்னால் வரும்.

“மேல படுத்துட்டான்ணே, எந்திரிக்க முடியல”

நீங்கள் காலுக்குப் போனீர்கள். எதிராளி இரண்டு காலையும் பின்னால் வீசி, தன் இடுப்பை உங்கள் தோள்மேல் போட்டுவிட்டார். இதைத்தான் ஸ்ப்ரால் என்கிறோம். உங்கள் முகம் மேட்டில், கைகள் முன்னால் நீண்டு கிடக்கின்றன.

உடனே பார்க்க வேண்டியது முழங்கை. முழங்கை மடங்கி, எதிராளியின் கால் உங்கள் நெஞ்சோடு ஒட்டி இருக்கிறதா? அப்படியானால் விடாதீர்கள், மூன்றாவது தலைப்புக்குப் போங்கள். முழங்கை நேராக நீண்டுவிட்டதா? விட்டுவிடுங்கள். நீண்ட கைக்குப் பலம் கிடையாது. அவருடைய மொத்த எடையும் உங்கள் தோள் மூட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

விட்ட கையோடு முழங்கைகளை இழுத்து உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். முழங்கால்களை இடுப்புக்கு அடியில் சேருங்கள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். இந்த மூன்றும் ஒரே அசைவாக வர வேண்டும். அடுத்து அவர் உங்களைச் சுற்றிப் பின்னால் போகப் பார்ப்பார். உங்கள் வலப்பக்கமாகச் சுற்றினால் நீங்களும் வலப்பக்கமே திரும்புங்கள். தலை எப்போதும் அவர் இடுப்பைப் பார்த்தபடி இருக்கட்டும், பக்கத்துக் கை அவர் தொடையைத் தடுக்கட்டும். அவர் சுற்றுவதற்காக எடையை மாற்றும் நொடியில் ஒரு காலை ஊன்றி, பின்வாங்கியபடி எழுந்துவிடுங்கள். நேர் மேலே எழுந்தால் திரும்பவும் அதே எடைக்கு அடியில்தான் போவீர்கள்.

இது ஒரு தடவை நடந்தால் பரவாயில்லை. வாரம் முழுக்க நடந்தால் காரணம் தேடுங்கள்.

தூரம்தான் முதல் சந்தேகம். நிலையில் நின்றபடி கையை நீட்டுங்கள். உள்ளங்கை எதிராளியின் தோளைத் தொடவில்லையா? நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். மேட்டில் சுண்ணக்கட்டியால் அவர் பாதத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போகும்போது முன்முழங்கால் அந்தக் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். ஒரு முழம் முன்னாலேயே இறங்கிவிட்டால் மீதித் தூரத்துக்குக் கையைத்தான் நீட்டுவீர்கள்.

தூரம் சரியாக இருக்கிறது, அப்படியும் மாட்டுகிறீர்கள் என்றால், சும்மா நிற்கிறவரிடம் நேராகப் போகிறீர்களா என்று பாருங்கள். தலையை ஒரு தட்டு, மணிக்கட்டை ஒரு இழுப்பு, ஏதாவது ஒன்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்லும் நொடிதான் உங்கள் நொடி. ஒருநாள் முழுக்க, தொடாமல் காலுக்குப் போனால் கணக்கில் இல்லை என்று விதி வைத்துக்கொண்டு பழகுங்கள்.

மூன்றாவது, தலை. இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டாளியிடம் கைபேசியைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கால் மேட்டைத் தொடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். உச்சந்தலை எதிராளியைப் பார்க்கிறதா, நெற்றி பார்க்கிறதா? உச்சந்தலை என்றால் வேறு எதையும் திருத்த வேண்டாம், இதை மட்டும் திருத்துங்கள். கழுத்து காயத்துக்கும் இதுதான் வாசல்.

நான்காவதுதான் கபடிப் பிள்ளைகளின் நிரந்தரக் கோளாறு: பின்கால் செத்துப்போவது. பாய்ந்து விழுந்ததும் வேலை முடிந்தது என்று பின்கால் அப்படியே கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஷூவைக் கழற்றி மேல்பக்கத்தைப் பாருங்கள். லேஸ் கட்டும் இடம் தேய்ந்திருந்தால் உங்கள் புறங்கால் மேட்டில் உரசிக்கொண்டிருக்கிறது, விரல் ஊன்றவில்லை என்று அர்த்தம். விரலை மடக்கி ஊன்றினால்தான் முன்னால் தள்ள முடியும். தினம் இருபது தடவை, எதிராளி இல்லாமல், இறங்கியவுடன் பின்கால் முன்னால் வந்து ஊன்றுவதை மட்டும் செய்யுங்கள். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். அதுவரை மற்றதைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் தாண்டியும் இறங்கவே முடியவில்லை, இறங்கும்போது முதுகுதான் வளைகிறது என்றால், இடுப்பும் கணுக்காலும் இறுகியிருக்கிறது. குதிகால் தரையில் பதிய முழுதாகக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். குதிகால் தூக்கிக்கொண்டால் அதுதான். நாள்முழுக்க நாற்காலியில் உட்காரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். மாதக் கணக்கில் நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் கெடும்.

கடைசிக் காரணம் முழங்கால் வலி. வலிக்கும் என்ற பயத்தில் உடம்பு தானாக இறங்க மறுக்கும், அதைப் பழக்கக் கோளாறு என்று நினைத்துத் திட்டக் கூடாது. ‘டப்’ என்ற சத்தத்தோடு சில மணி நேரத்தில் முட்டி வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது முட்டி விலகுவதுபோல் இருந்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, அன்றே பயிற்சி நின்றுவிட வேண்டும். எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மேட். முழங்கால் உறை (நீ-கேப்) போட்டுக்கொண்டு சமாளிக்கும் விஷயம் இல்லை.

“கழுத்தப் பூட்டிட்டான்”

ஸ்ப்ரால் போட்டவர் சும்மா படுத்திருக்கவில்லை. ஒரு கை உங்கள் தாடைக்கு அடியில், இன்னொரு கை உங்கள் முழங்கைக்கு மேலே. இது ஃப்ரன்ட் ஹெட்லாக்.

நம் உடம்பு செய்ய நினைப்பது தலையைப் பின்னால் பிடுங்குவது. அதைச் செய்யாதீர்கள், பூட்டு இன்னும் இறுகும். வரிசை இது: முதலில் தாடைக்கு அடியில் இருக்கும் கை. சுதந்திரமாக இருக்கும் உங்கள் கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து உங்கள் நெஞ்சுப் பக்கம் கீழே இழுங்கள், முடிந்தால் இரண்டு கையாலும். இரண்டாவது, மாட்டிய கையின் முழங்கையை உங்கள் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் அந்தக் கையை இழுத்துத் திறந்து அந்தப் பக்கமாகத்தான் பின்னால் போகப் போகிறார், அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். மூன்றாவது, தலை நிமிர வேண்டும். நான்காவதாகத்தான் கால். ஒரு முழங்காலைத் தூக்கி ஊன்றி, பக்கவாட்டில் நகர்ந்து எழுங்கள். கையை எடுக்காமல் காலைத் தூக்கினால் நீங்களே அவருக்கு உருட்டிப் போட வசதி செய்து கொடுக்கிறீர்கள்.

தலையோடு ஒரு கையும் சேர்ந்து பூட்டப்பட்டிருந்தால்தான் அந்தப் பிடி விதிப்படி செல்லும். தலையை மட்டும் இரண்டு கையால் பூட்டினால் நடுவர் நிறுத்துவார். மூச்சுக்குழலை நெரிப்பதும் தடை. போட்டியில் நடுவர் பார்த்துக்கொள்வார். பயிற்சியில் பார்க்க ஆள் இருக்காது, அதனால் மூச்சு அடைத்தால் உடனே இரண்டு தட்டு தட்டிவிடுங்கள். தட்டுவதை வெட்கமாக நினைக்கும் கூடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று பெற்றோரிடம் நேரடியாகவே சொல்கிறேன்.

அடிக்கடி இதில் மாட்டுகிறீர்கள் என்றால் புதிய காரணம் தேட வேண்டாம், முந்தைய தலைப்பில் சொன்ன தலைதான். காது மடல் சூடாகி ரத்தம் கட்டி வீங்கினால் மட்டும் தள்ளிப் போடாமல் காது மருத்துவரிடம் போய்விடுங்கள். நாளாக ஆக அது கெட்டிப்பட்டு அப்படியே நின்றுவிடும்.

“காலு கையில இருக்குண்ணே, ஆள் விழ மாட்டேங்கிறான்”

எனக்குப் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் இதில் பாதி வெற்றி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் மூன்று எண்ணுவதற்குள் ஏதாவது மாற வேண்டும். ஒரே இழுப்பை இழுத்துக்கொண்டே இருந்தால் உங்கள் முன்கைதான் செத்துப்போகும், அவர் ஒற்றைக்காலில் நின்றபடி ஓய்வெடுப்பார்.

அவர் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

*கால் தரையோடு இருக்கிறது, நீங்கள் முழங்காலில் இருக்கிறீர்கள்.* தலையை அவர் விலாவில் உள்பக்கமாக ஒட்டுங்கள். வெளிப்பக்கக் காலை ஊன்றி எழுந்துவிடுங்கள். முழங்காலில் இருந்தபடி முடிக்கலாம் என்று உட்கார்ந்தால் அவர் எடை உங்களைத் திரும்பவும் அமுக்கும்.

*எழுந்துவிட்டீர்கள், கால் உங்கள் இரண்டு தொடைக்கு நடுவில் இருக்கிறது.* தொடையை இறுக்குங்கள். உங்கள் தோளால் அவர் தொடையின் மேல்பக்கத்தை அழுத்தியபடி, பின்பக்கமாக வட்டத்தில் கால்பங்கு அளவு நகர்ந்து, உட்காருவதுபோல இறங்குங்கள். நேர் பின்னால் இழுத்தால் அவர் துள்ளித் துள்ளிக் கூடவே வருவார். வட்டமாகப் போனால் அவருக்குக் கால் வைக்க இடம் இருக்காது.

*கால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கியாயிற்று.* இன்னும் தூக்குங்கள். அல்லது அவர் நிற்கும் காலைத் தட்டுங்கள்.

*எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.* விழ வைப்பதை மறந்துவிட்டுத் தள்ளுங்கள். அவர் பாதம் வெளியே பட்டால் 1 புள்ளி உங்களுக்கு. தோற்றுப்போன பிடியிலிருந்து ஒரு புள்ளி எடுப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் பயிற்சியில் கோடு கண்ணில் படுவதே இல்லை, அதனால் போட்டியிலும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். எங்கள் மேட்டில் நிறம் மங்கிவிட்டதால் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம்.

*அவர் தன் கையை உங்கள் கைக்கு மேலே சுற்றி அக்குளில் பூட்டிவிட்டார்.* இதுதான் விஸ்ஸர், இந்த வகையில் மிகவும் தொல்லையானது. உங்கள் தோள் இறங்கிக்கொண்டே போகும். தலை அவர் விலாவைவிட்டு நழுவியதும் அவர் காலை உதைத்து எடுத்துக்கொள்வார், உங்கள் முகம் தரையில் இருக்கும். தலை இன்னும் விலாவில் ஒட்டி இருந்தால், உள்ளே இருக்கும் கையால் அவருடைய இன்னொரு காலை எட்டிப் பிடித்து இரண்டு காலாக மாற்றுங்கள். தலை ஏற்கெனவே நழுவிவிட்டதென்றால் பிடியை விடும் நேரம் வந்துவிட்டது. மாட்டிய கையை மரம்போல விறைக்காதீர்கள். பெருவிரல் கீழ்நோக்க, ஈரத்துணிபோலத் தளரவிட்டு, அவரிடமிருந்து விலகி வட்டமாக நகருங்கள். கை தானாக வழுக்கி வெளியே வரும். வந்தவுடன் எதிரே நிற்க வேண்டும், முதுகைக் காட்டக் கூடாது.

மறுநாள் தேட வேண்டிய காரணங்களில் முதலாவது எண்ணெய். சிரிக்காதீர்கள், வீட்டில் அம்மா தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்புவார்கள், அது கழுத்து வழியாக இறங்கி எல்லார் கையிலும் ஒட்டும். உடம்பில் வழுக்கும் பொருள் பூசுவது விதிப்படியும் கூடாது. பயிற்சி நாளில் எண்ணெய் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்கு அடியில் வியர்வையும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு துண்டு வேண்டும்.

அடுத்து, கை பூட்டும் விதம். விரல்களைக் கோத்துப் பிடிக்கிறீர்களா? விரல் ஒடியும், பிடியும் நிற்காது. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துக் கொக்கிபோல் மடக்கிப் பிடியுங்கள். பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கட்டும்.

மூன்றாவது பலம். கயிறு ஏறுவது, துண்டைக் கம்பியில் போட்டுத் தொங்குவது, இரண்டும் செலவில்லாதவை. இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

கடைசிக் காரணத்தைப் பெரும்பாலும் தவறவிடுகிறோம். முன்பு நன்றாகப் பிடித்த பிள்ளைக்குத் திடீரென்று முதல் நிமிடத்திலேயே கை விட்டுப்போகிறது, மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது. எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தியிருக்கலாம், சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக இருக்கிறதா என்று கேளுங்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீரை நிறுத்தி எடை குறைப்பதை நான் அனுமதிப்பதே இல்லை, மேல் பிரிவில் ஆடித் தோற்றால் தோற்கட்டும். எடைக்கும் சம்பந்தம் இல்லை என்றால் ரத்தசோகையாக இருக்கலாம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். இதைப் பயிற்சியாளர் சரிசெய்ய முடியாது, மருத்துவர்தான் வேண்டும். சோம்பேறி என்று ஒரு பிள்ளையை நானே பலநாள் விரட்டியிருக்கிறேன். பிறகு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

“பின்னாடி வந்துட்டான்”

எதிராளி உங்கள் முதுகுப் பக்கம் வந்து உங்களைக் கீழே அடக்கிவிட்டார். 2 புள்ளி போய்விட்டது, அதைத் திரும்ப எடுக்க இந்த நொடியில் வழி இல்லை. இனி காப்பாற்ற வேண்டியது அடுத்த 2. இடுப்பைக் கட்டி உருட்டும் கட் ரெஞ்ச்சுக்கு ஒவ்வொரு உருட்டலுக்கும் 2, கணுக்காலைப் பின்னி உருட்டும் லெக் லேஸுக்கும் அப்படியே. 10 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு தப்பிய பிடி, பிறகு நான்கு உருட்டல், அவ்வளவுதான் கணக்கு.

ஃப்ரீஸ்டைலில் கீழே இருந்து எழுந்து தப்பினால் புள்ளி கிடையாது. எனவே அவசரப்பட்டு முழங்காலில் எழும்பாதீர்கள், எழும்பினால் இடுப்புக்கு அடியில் அவர் கைக்கு இடம் கிடைக்கும். வயிறு மேட்டோடு ஒட்டட்டும். முழங்கைகள் விலாவோடு. கால்கள் அகலமாக. அவர் எந்தப் பக்கம் உருட்டப் பார்க்கிறாரோ அந்தப் பக்கத்து முழங்காலையும் கையையும் வெளியே ஊன்றுங்கள். அவர் இடுப்பிலிருந்து கால் பக்கம் இறங்குவது தெரிந்தால் லெக் லேஸுக்குப் போகிறார். கணுக்கால்கள் சேரும் முன்னே ஒரு முழங்காலை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் நடுவரே இருவரையும் நிற்க வைத்துவிடுவார்.

கபடி ஆடியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். நடுக்கோட்டைத் தொட ஊர்ந்து போகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஊர்வார்கள். விலா இரண்டும் திறந்து கிடக்கும். பூட்டுப் போட அதைவிட வசதி எதிராளிக்குக் கிடைக்காது. எல்லையைத் தாண்டி ஓடுகிறீர்கள் என்று நடுவர் கருதினால் எச்சரிக்கையும் எதிராளிக்குப் புள்ளியும் உண்டு.

திரும்பத் திரும்ப உருட்டப்படுகிறீர்கள் என்றால் நல்ல பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிடும் நேரம் இது. இந்தத் தடுப்பைப் படித்துக் கற்க முடியாது. அனுபவசாலி ஒருவர் மெதுவாக உருட்டிக் காட்ட, எடை எங்கே போகிறது என்று உடம்பு உணர வேண்டும். உருட்டும்போது விலாவில் ‘சுருக்’கென்று குத்தி, மூச்சிழுத்தால் வலித்தால், அன்றைக்கு நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

“தூக்கிப் போடப் போனேன், நானே அடியில கிடக்கேன்”

இடுப்பைச் சுழற்றி எறியப் போய் அவர் எடை உங்கள் மேல் வந்துவிட்டது. முதுகு தரையைத் தொட்டபடி கிடக்காதீர்கள், அது ஒன்றுதான் இப்போதைக்கு முக்கியம். பிடித்திருக்கும் தலையை விட்டுவிட்டு, உடனே வயிற்றுப் பக்கம் புரளுங்கள். தலையை விட மனம் வராததால்தான் இரண்டு தோளும் பதிந்து தோற்கிறார்கள். புரண்டதும் முந்தைய தலைப்பில் சொன்னதைச் செய்யுங்கள்.

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். உங்கள் இடுப்பு அவர் இடுப்பைவிடத் தாழ்வாகப் போகவில்லை, நெஞ்சுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. அந்த இரண்டும் பொம்மையில் பழகி வரும்வரை போட்டியில் எறியப் போக வேண்டாம்.

“ஒரு தடவ மாட்டினதுக்கு அப்புறம் கையே போகல”

முதல் பாதியில் ஒரு பிடி தப்பியது, 2 புள்ளி போனது. அதன் பிறகு எதிராளியின் கையைத் தட்டிக்கொண்டே நேரம் போகிறது. பெரியவர்களுக்கு 3 நிமிடம் வீதம் இரண்டு பாதி, பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2 நிமிடம் வீதம். தயங்கிக் கழிக்க நேரம் இல்லை. மந்தமாக ஆடினால் நடுவர் முதலில் எச்சரிப்பார். தொடர்ந்தால் 30 விநாடிக் கெடு வைப்பார். அதற்குள் இருவருமே புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. பயந்து நிற்பதற்கும் விலை இருக்கிறது.

ஆட்டத்துக்கு நடுவில் என்றால் காலுக்குப் பெரிய பாய்ச்சல் வேண்டாம். கையை இழுத்து ஒரு பக்கம் நகர்த்துங்கள், ஒற்றைக் கால் கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். தொட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்ப முடிகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் அடுத்தது தானாகப் போகும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில், 57 கிலோ பிரிவில், ரவி தாஹியா 2-9 என்று பின்தங்கியிருந்தார். கடைசி நேரத்தில் எதிராளியின் இரண்டு தோளையும் மேட்டில் பதித்து ஜெயித்தார். அந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது புள்ளிப் பலகையைப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் அவர் எப்படி எழுந்து திரும்ப முன்னால் வருகிறார் என்று மட்டும் பாருங்கள் என்பேன்.

பயிற்சியில் இதற்கு ஒரே மருந்துதான் எனக்குத் தெரியும்: தோற்ற இடத்திலிருந்தே தொடங்குவது. கூட்டாளி ஏற்கெனவே ஸ்ப்ரால் போட்டிருக்க, உங்கள் முகம் தரையில் இருக்க, விசில் அடித்ததும் எழுந்து எதிரே நிற்க வேண்டும். தினம் பத்துத் தடவை. அடுத்த வாரம் கழுத்துப் பூட்டிலிருந்து. அதற்கடுத்து விஸ்ஸரிலிருந்து. பிள்ளைகளுக்கு முதலில் இது பிடிக்காது. ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், காலுக்குப் போகும் எண்ணிக்கையே கூடியிருக்கும். ஏனென்றால் தப்பினாலும் வீடு திரும்ப வழி தெரியும்.

இதற்குப் பிறகும் தயக்கம் போகவில்லை, மேட் அருகே வந்தாலே கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை என்றால், கூடத்துக்கு வெளியே ஏதாவது நடந்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருந்தால் பாருங்கள்.

“கழுத்துல சுரீர்னுச்சு”

மற்ற எல்லாவற்றையும் தள்ளிப் போடலாம், இதை முடியாது.

தலை கவிழ்ந்து போய் எதிராளியின் இடுப்பில் மோதினால், கழுத்திலிருந்து ஒரு கைக்கு மின்சாரம் பாய்ந்த மாதிரி எரிச்சல் வரும். சில நிமிடத்தில் போய்விட்டாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. கையில் மதமதப்போ பலக்குறைவோ மீதம் இருந்தால், அல்லது இதே மாதிரி இரண்டாவது தடவை வந்தால், மருத்துவர் பார்க்காமல் மேட்டில் ஏறக் கூடாது.

இரண்டு கையிலும், அல்லது காலிலும் மதமதப்பு இருந்தால், நடுக் கழுத்து எலும்பைத் தொட்டால் வலித்தால், அந்தப் பிள்ளையை அசைக்காதீர்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்காதீர்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். வண்டிக்காகக் காத்திருக்காமல் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனால் கழுத்துக் காயத்தில் அதுவே பெரிய ஆபத்தாகிவிடும்.

மோதலுக்குப் பிறகு நினைவு தப்பினாலும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், வாந்தி எடுத்தாலும், தலைவலி கூடிக்கொண்டே போனாலும், அது தலைக்காயம். உடனே மருத்துவமனை. ‘கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிடும்’ என்று தனியாக விடக் கூடாது.

சுளுக்கு வழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இருபது வயதில் இப்படிச் சுரீர் என்றபோது, சுளுக்கு என்று நினைத்து மறுநாள் காலை எண்ணெய் போட்டு வழிக்கப் போனேன். தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு இடது கையில் இரண்டு விரல் பல வாரம் மரத்தே இருந்தது. டம்ளர் பிடித்தால் நழுவும். எனக்குத் திரும்பக் கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கணுக்கால் பிசகினால் உங்கள் விருப்பம். கழுத்தையும், இடம் பெயர்ந்த தோளையும், வீங்கிய முட்டியையும் படம் எடுத்துப் பார்க்கும் முன் யாரையும் இழுக்கவோ திருப்பவோ விடாதீர்கள். தோளின் வடிவமே மாறி, கையை உடம்போடு அணைத்துப் பிடித்தபடி நிற்கிறார் என்றால், துண்டால் அப்படியே கட்டி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் நேராக ஆட்டத்துக்கு வரக் கூடாது. முகவாய் நெஞ்சைத் தொட வேண்டும், இரண்டு பக்கமும் வலியில்லாமல் தோள்வரை திரும்ப வேண்டும், உள்ளங்கையால் நெற்றியைத் தள்ளும்போது இரண்டு கையிலும் பலம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் முதல் வாரம் எதிராளி இல்லாமல் அசைவு மட்டும். இரண்டாவது வாரம் கூட்டாளி நின்றுகொண்டிருக்க, தலை நிமிர்ந்தபடி மெதுவாகக் காலுக்குப் போய்த் திரும்புவது. மூன்றாவது வாரம் ஸ்ப்ராலுக்கு அடியிலிருந்து எழுவது, அதுவும் தன்னைவிட எடை குறைந்த கூட்டாளியோடு. எந்த நாளிலாவது கை மதமதத்தால் மீண்டும் மருத்துவரிடம்.